ஜிப்சி பின் அச்சுக்கு டிஸ்க் பிரேக்: யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா?

கூடலூர்க்காரன் | ஜூன் 2, இரவு 9:14

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் ராணுவ ஏலத்தில் வந்த மாருதி ஜிப்சி ஒன்று இருக்கிறது. 1.3 லிட்டர் எம்பிஎஃப்ஐ பெட்ரோல் இன்ஜின், சாஃப்ட் டாப். போன வருடம் லீஃப் ஸ்பிரிங் மாற்றி 2 அங்குலம் உயர்த்தினேன். 205/70 ஆர்15 இருந்த இடத்தில் 235/75 ஆர்15 போட்டேன். அதுவரை பிரேக்கைப் பற்றி நினைத்ததே இல்லை.

இப்போது இரண்டு தொல்லை. ஒன்று, ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் பாதி வளைவு தாண்டுவதற்குள் தீய்ந்த வாசம் வருகிறது, பெடல் பஞ்சு மாதிரி ஆகிறது. போன வாரம் நாலு பேரோடு இறங்கும்போது உண்மையிலேயே பயந்துவிட்டேன். இன்னொன்று, எங்கள் தோட்டத்துப் பாதையில் ஒரு ஓடையைத் தாண்ட வேண்டும். தாண்டியபின் அரை கிலோமீட்டருக்குப் பின் பிரேக் பிடிப்பதே இல்லை. டிரம்மைக் கழற்றினால் உள்ளே செம்மண் சேறு கெட்டியாக உட்கார்ந்திருக்கிறது. மழைக்காலத்தில் மாதம் இரண்டு முறை கழற்றிக் கழுவுகிறேன்.

பின் அச்சுக்கு டிஸ்க் மாற்றலாம் என்று இருக்கிறேன். எந்த காலிபர் (டிஸ்க்கைப் பேடால் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) உட்காரும்? பிராக்கெட் யார் செய்து தருவார்கள்? பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் மாற்ற வேண்டுமா?

நாலுக்குநாலு | ஜூன் 2, இரவு 9:51

மாதத்துக்கு ஒருவர் இந்தக் கேள்வியோடு வருகிறார். டிஸ்க் போட்டால் வண்டி டக்கென்று நிற்கும் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். ஜிப்சி பின் டிரம் நல்ல நிலையில் இருந்தால் சக்கரத்தையே பூட்டிவிடும். பூட்டின சக்கரத்தை டிஸ்க் வந்து இன்னும் என்ன செய்யப் போகிறது?

கணக்குப்பிள்ளை | ஜூன் 3, காலை 6:20

நாலுக்குநாலு கொஞ்சம் முரட்டுத்தனமாகச் சொன்னாலும் விஷயம் சரிதான். நிற்கும் தூரத்தை முடிவு செய்வது டயருக்கும் தரைக்கும் உள்ள பிடிப்பு. 50 கிலோமீட்டர் வேகத்தில், 0.7 ஜி (புவியீர்ப்பில் 0.7 பங்கு) பிடிப்பு கிடைத்தால் 14 மீட்டரில் நிற்கும். டிரம்மோ டிஸ்க்கோ, சக்கரத்தை அந்த எல்லை வரை பிடிக்க முடிகிறது என்றால் தூரம் ஒன்றுதான்.

ஆனால் கூடலூர்க்காரர் கேட்பது வேறு. சூடு, சேறு. இந்த இரண்டிலும் டிஸ்க்குக்கு உண்மையாகவே ஆதாயம் உண்டு. டிஸ்க் காற்றில் திறந்து கிடக்கிறது. தண்ணீரை முதல் சுற்றிலேயே பேட் துடைத்துவிடும். சூடானால் டிரம் விரிந்து, உள்ளிருந்து அழுத்தும் ஷூவின் மேல் ஒட்டிய லைனரை விட்டு விலகும், பெடல் கீழே போகும். டிஸ்க் விரிந்தால் பேடை நோக்கித்தான் தடிக்கும்.

ஆனாலும் சூட்டுக்கு ஒரு கணக்கு பாருங்கள். ஆட்களோடு 1300 கிலோ வண்டி 1000 மீட்டர் உயரம் இறங்கினால் கிட்டத்தட்ட 1.27 கோடி ஜூல் ஆற்றல். நாலு சக்கரத்திலும் சேர்த்து 25 கிலோ இரும்பு இருக்கிறது என்று வைப்போம். இன்ஜின் எதையும் தாங்காமல், காற்றுக்கும் எதுவும் போகாமல் எல்லாம் அந்த இரும்பிலேயே தங்கினால் 1100 டிகிரி ஏறும். வார்ப்பிரும்பு உருகும் நிலைக்குப் பக்கம். டிஸ்க் போட்டாலும் இந்த ஆற்றல் குறையப் போவதில்லை. இறங்கும்போது எந்த கியரில் வருகிறீர்கள்?

இன்னொன்று. பழைய டயரின் வெளி விட்டம் 668 மில்லி. புதியது 733. அதே பிரேக், அதே பெடல் அழுத்தம், ஆனால் தரையில் கிடைக்கும் பிடி கிட்டத்தட்ட 9 சதவீதம் குறைந்துவிட்டது. டயர் போட்ட அன்றைக்கே போய்விட்ட பிரேக் அது.

லேத்துப்பட்டறை | ஜூன் 3, காலை 11:05

தம்பி, டிஸ்க் பிறகு பார்ப்போம். இதற்கெல்லாம் பதில் சொல்.

டிரம் உள் விட்டம் அளந்தாயா? பின் ஷூ கடைசியாக எப்போது அட்ஜஸ்ட் செய்தது? ஆக்சில் ஆயில் சீல் கசிகிறதா? சேறு என்று சொல்கிறாயே, அதில் கிரவுன் ஆயில் (அச்சுக்குள் இருக்கும் கியர் ஆயில்) கலந்திருக்கிறதா என்று விரலில் தேய்த்துப் பார். முக்கியமாக, பின் அச்சிலிருந்து சேஸிஸுக்கு ஒரு கம்பி போகும், அதன் மேல் முனையில் ஒரு வால்வு இருக்கும். லிஃப்ட் செய்தபோது அதை யாராவது தொட்டார்களா?

கூடலூர்க்காரன் | ஜூன் 5, இரவு 8:30

கணக்குப்பிள்ளை சார், மூன்றாவது கியரில்தான் வருவேன். இரண்டாவதில் இன்ஜின் கத்துகிறது என்று ஒரு பயம்.

அண்ணா, நீங்கள் சொன்னபடி இன்று கழற்றினேன். இடது பக்கம் சீல் கசிந்து லைனர் முழுக்க ஆயில். சேறு என்று நான் நினைத்ததில் பாதி கிரவுன் ஆயில்தான், நாற்றமே காட்டிக் கொடுத்தது. வலது பக்கம் லைனர் நன்றாக இருக்கிறது, ஆனால் டிரம்மை விட்டு வெகு தூரத்தில் நிற்கிறது. ஷூ அட்ஜஸ்டர் துருவில் இறுகிப் போயிருக்கிறது. அந்தக் கம்பியையும் பார்த்தேன். லிஃப்டுக்குப் பிறகு யாரும் தொடவில்லை. ஸ்பிரிங் கீழ்நோக்கி இழுபட்டுத் தொங்குகிறது.

லேத்துப்பட்டறை | ஜூன் 5, இரவு 9:02

அதுதான். அதை எல்எஸ்பிவி என்பார்கள், சுமை பார்த்து பின் பிரேக் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற வால்வு. வண்டியில் பாரம் ஏறினால் சேஸிஸ் அச்சை நெருங்கும், வால்வு பின்னால் அதிக அழுத்தம் விடும். பாரம் இல்லையென்றால் விலகும், அழுத்தத்தைக் குறைக்கும். நீ 2 அங்குலம் தூக்கிவிட்டாய். இப்போது நாலு பேர் ஏறினாலும் வால்வுக்கு வண்டி காலியாகத்தான் தெரியும். பின் பிரேக்கை நெரித்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. முன் டிஸ்க் இரண்டும் முழு வேலையையும் பார்த்து வெந்து போகின்றன.

லிஃப்ட் போட்ட அளவுக்குக் கம்பியின் பிராக்கெட்டை இறக்கு. சீல் மாற்று. ஆயில் குடித்த லைனரைக் கழுவி மறுபடி போடாதே, தூக்கி எறி. ஒரு பக்கம் மட்டும் மாற்றாதே, இரண்டு பக்கமும். டிரம்மை என்னிடம் கொடுத்தால் கடைந்து தருகிறேன், அளவு மிச்சம் இருந்தால்.

நாலுக்குநாலு | ஜூன் 5, இரவு 9:10

இழை முடிந்தது. பூட்டுப் போடலாம்.

கூடலூர்க்காரன் | ஜூன் 19, மாலை 6:45

பூட்ட வேண்டாம் :)

எல்லாம் செய்தாயிற்று. இரண்டு சீல், நாலு ஷூ, இரண்டு வீல் சிலிண்டர், எல்எஸ்பிவி பிராக்கெட். பிரேக் ஆயிலை முழுக்க வடித்துவிட்டு டாட் 4 ஊற்றினேன். பழையது டீ டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. கல்லட்டியில் இரண்டாவது கியரில் இறங்கிப் பார்த்தேன். வாசம் இல்லை, பெடல் கடைசி வரை கெட்டியாக நின்றது. சத்தியமாக வேறு வண்டி.

ஆனால் ஓடைப் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது. ஆயில் போய்விட்டது, சேறு போகவில்லை. எங்களுக்குத் தென்மேற்குப் பருவம் இப்போதுதான் ஆரம்பம். இன்னும் மூன்று மாதம் தினமும் அந்த ஓடையைத் தாண்டியாக வேண்டும். புது லைனரில் இப்போதே கோடு விழுந்திருக்கிறது. அதனால் டிஸ்க் ஆசையை விடவில்லை. இது சேற்றுக்காக மட்டும்தான் என்று தெரிந்தே கேட்கிறேன்.

கணக்குப்பிள்ளை | ஜூன் 19, இரவு 7:30

இப்போது கேட்பது சரியான கேள்வி. டாட் 3 புதிதாக இருக்கும்போது கொதிநிலை குறைந்தது 205 டிகிரி, ஈரம் குடித்தபின் 140. டாட் 4க்கு 230, 155. உங்கள் பழைய ஆயில் எத்தனை வருடம் ஈரம் குடித்ததோ! பெடல் பஞ்சானதில் அதற்கும் பங்கு இருந்திருக்கும்.

பனிக்காடு | ஜூன் 20, காலை 5:12

ரொறன்ரோவிலிருந்து எழுதுகிறேன். என்னிடம் 1999 ஜீப் செரோக்கி இருக்கிறது. அதற்கும் கடைசி வரை பின்னால் டிரம் பிறேக்தான் தந்தார்கள். இங்கே எல்லோரும் செய்கிற வழி, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் 1995க்குப் பிறகு வந்த 8.8 அங்குல அச்சை அப்படியே எடுத்துப் போடுவது. டிஸ்க் அதோடேயே வரும், வீல் போல்ட் இடைவெளியும் செரோக்கிக்குச் சரியாகப் பொருந்தும், 5×114.3. ஸ்பிரிங் உட்காரும் மேடைகளை மட்டும் வெட்டி மறுபடி ஒட்ட வேண்டும். நானும் அதைத்தான் செய்தேன். பிராக்கெட் செய்கிற தலையிடி இல்லை.

ஆனால் கூடலூர்க்காரருக்குச் சொல்ல வந்தது ஹாண்ட் பிறேக் பற்றி. அந்த அச்சில் டிஸ்க்கின் நடுக் கிண்ணத்துக்குள்ளே சின்ன டிரம் ஒன்று இருக்கும், ஹாண்ட் பிறேக்குக்கு மட்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் ஓடும்போது அந்த ஷூ வேலை செய்யாது, அதனால் அது தானாகத் தேயவும் மாட்டாது, தானாக அட்ஜஸ்ட் ஆகவும் மாட்டாது. இரண்டு பனிக்காலம், றோட்டில் கொட்டுகிற உப்பு, ஷூ அப்படியே துருப்பிடித்து ஒட்டிவிட்டது. டிஸ்க்கைக் கழற்ற சுத்தியலால் அரை நாள் அடித்தேன். உங்களுக்கு உப்பு இல்லை, சேறு இருக்கிறது. சேறும் அந்தக் கிண்ணத்துக்குள் போகும். டிரம்மில் இருந்து தப்பப் பார்க்கிறவர் இன்னும் சின்ன டிரம் ஒன்றை வாங்கிக் கட்டாதீர்கள்.

ஹட்டன்_டிஃபெண்டர் | ஜூன் 20, காலை 8:40

எங்கள் எஸ்டேட்டில் லேண்ட்ரோவர் டிஃபெண்டர் ஓடுகிறது, பின்னால் டிஸ்க் உள்ள மாடல். அதில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை. முன், பின் அச்சுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் பெட்டிக்குப் பின்னால், ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் புறப்படுகிற இடத்தில் ஒரு டிரம். ஷாஃப்டையே பிடித்து நிறுத்தும். பழைய வில்லிஸ் ஜீப்பிலும் இதே மாதிரிதான். கிரவுன் கியர் விகிதம் பெருக்கிக் கொடுப்பதால் பிடிப்பு பயங்கரமாக இருக்கும், தேயிலை மூட்டையோடு எந்த ஏற்றத்திலும் நிற்கும்.

ஒரு எச்சரிக்கை. இந்த வகை ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி ஒரு பின் சக்கரத்தை ஜாக்கில் தூக்கவே கூடாது. ஷாஃப்ட் பூட்டியிருந்தாலும் டிஃபரென்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்றும், தரையில் இருக்கும் சக்கரம் எதிர்ப் பக்கம் சுற்றும், வண்டி நகர்ந்து ஜாக்கிலிருந்து விழும். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் கொட்டகையில் அப்படி ஒன்று விழுந்தது. கீழே யாரும் இல்லை. கல் வைக்காமல் சக்கரம் தூக்கினால் அப்பா இன்றைக்கும் ஏசுவார்.

நாலுக்குநாலு | ஜூன் 20, காலை 9:15

நான் ஒருவன் லைன் லாக் போட்டுப் பார்த்திருக்கிறேன். பெடலை அழுத்திப் பிடித்து, ஒரு வால்வைத் திருகினால் அழுத்தம் குழாயிலேயே பூட்டிக்கொள்ளும். கேபிள் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். கொடைக்கானலில் சாயங்காலம் சூடான பிரேக்கோடு நிறுத்தி அறைக்குப் போனேன். ராத்திரி குளிரில் ஆயில் சுருங்கி அழுத்தம் இறங்கிவிட்டது. காலையில் வண்டி ஒன்றரை அடி தள்ளி ஒரு பூந்தொட்டி மேல் சாய்ந்திருந்தது. சிரிக்காதீர்கள். பார்க்கிங் பிரேக் என்றால் கம்பியோ திருகோ, இயந்திரமாகப் பிடிக்க வேண்டும்.

வாகனப்பதிவு | ஜூன் 20, மதியம் 1:00

இதையும் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது. சான்றில் பிரேக் வகை அச்சாவதில்லை என்று ஒரு வாதம் உண்டு. ஆனால் விபத்து என்று வந்தால் காப்பீட்டுக்காரர் அந்த வாதத்தைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார். 15 வருடம் தாண்டிய வண்டிக்குப் பதிவு புதுப்பிக்கும்போது ஆய்வாளர் ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்ப்பார். ஹேண்ட் பிரேக் இல்லாமல் டிஸ்க் மட்டும் கட்டிக்கொண்டு போய் நிற்காதீர்கள்.

கூடலூர்க்காரன் | ஜூன் 21, இரவு 10:20

எல்லாம் படித்தேன். வண்டி பெரும்பாலும் தோட்டத்துக்குள்தான். ஆனாலும் சாலையிலும் ஓடுகிறது, அதனால் ஹேண்ட் பிரேக் சக்கரத்திலேயே வேண்டும். காலிபரிலேயே லீவர் உள்ள வகையாகப் போகலாம் என்று நினைக்கிறேன். பழைய ஸ்கோடா ஆக்டேவியாவின் பின் காலிபர் ஜோடி கோயம்புத்தூரில் கிடைக்கிறது, 38 மில்லி பிஸ்டன். டிஸ்க்குக்கு, 5 துளை, 139.7 மில்லி பிசிடி (போல்ட் துளை வட்டத்தின் விட்டம்) உள்ள பழைய சுசுகி விட்டாராவின் முன் டிஸ்க். லேத் அண்ணா, பிராக்கெட் செய்து தருவீர்களா?

லேத்துப்பட்டறை | ஜூன் 22, காலை 10:30

139.7 என்பது வேறொன்றும் இல்லை, ஜீப் காலத்து ஐந்தரை அங்குலம்தான். அதனால்தான் ஊரில் பாதி வண்டி ஒன்றுக்கொன்று பொருந்துகிறது.

செய்து தருகிறேன், ஆனால் வண்டியோடு வா. படம் அனுப்பி அளவு சொன்னால் செய்ய மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

ஜிப்சியில் பேக் பிளேட், அதாவது ஷூவைத் தாங்கும் பின் தகடு, வெறும் தகரம் இல்லை. அதே நாலு போல்ட்டில்தான் ஆக்சில் பேரிங்கும் பிடிபட்டு நிற்கிறது. பேக் பிளேட்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் 10 மில்லி தட்டைக் கட்டினால் பேரிங் உட்காரும் ஆழம் மாறிவிடும். ஒன்று ஆடும், இல்லை நெரியும். அதனால் பிராக்கெட்டின் நடுவில் பழைய தடிப்புக்கே கடைந்து படி விட வேண்டும். பிராக்கெட்டை முழு வளையமாகப் போட வேண்டுமென்றால் ஷாஃப்டிலிருந்து பேரிங்கையும் கழற்றியாக வேண்டும். அதைப் பிடித்திருக்கும் வளையம் அழுத்தி ஏற்றியது. கிரைண்டரில் மெலிய வைத்து உளியால் வெடிக்க வைத்துத்தான் எடுப்போம். ஷாஃப்டில் கீறல் பட்டால் புதுச் சீல் ஒரு மாதத்தில் கசியும். எடுத்த வளையத்தை மறுபடி போடுவது இல்லை, புதிதுதான்.

அப்புறம் டிஸ்க் காலிபர் வாயின் நடுவில் ஓட வேண்டும். ஆக்டேவியா காலிபர் மெல்லிய டிஸ்க்குக்குச் செய்தது. நீ வாங்குவது உள்ளே காற்றுப் போகும் தடித்த டிஸ்க் என்றால் புதுப் பேடோடு உள்ளேயே நுழையாது. கெட்டி டிஸ்க் வாங்கு. டிஸ்க் நடு ஓட்டை ஷாஃப்ட் முகப்பில் இறுக்கமாக உட்கார வேண்டும். போல்ட் மட்டும் பிடித்து நின்றால் போதாது. இடைவெளி இருந்தால் வளையம் கடைந்து போடுவேன். கட்டியபின் ஆட்டம் அளக்கும் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்ப்போம். பத்தில் ஒரு மில்லிக்கு மேல் ஆடினால் பெடலில் நடுக்கம் வரும்.

போல்ட் எல்லாம் 10.9 வலிமை ரகம். ஹார்டுவேர் கடையில் உதிரியாகக் கிடைக்கிறதை வாங்கி வராதே.

கணக்குப்பிள்ளை | ஜூன் 22, மதியம் 12:15

முன்-பின் பங்கீடு பார்க்காமல் கட்டாதீர்கள். ஜிப்சியின் வீல்பேஸ் 2375 மில்லி. ஈர்ப்பு மையம் 650 மில்லி உயரம், நிற்கும்போது எடை பாதிக்குப் பாதி என்று எடுத்துக்கொள்வோம். 0.7 ஜி-யில் பிரேக் அடித்தால் மொத்த எடையில் 19 சதவீதம் முன்னால் தாவும். முன் அச்சில் 69, பின் அச்சில் 31.

உதாரணத்துக்கு முன் காலிபர் பிஸ்டன் 51 மில்லி, பின்னால் 38, டிஸ்க் விட்டம் ஒன்றே, பேடும் ஒரே ரகம் என்றால் பிரேக் பங்கீடு 64-க்கு 36. பின் அச்சுக்கு 31 பங்கு எடைதான் இருக்கிறது, பிரேக்கோ 36 பங்கு அடிக்கிறது. பின் சக்கரம் முதலில் பூட்டும். பூட்டினால் பின்புறம் முன்னால் வரப் பார்க்கும், வண்டி சுற்றும். 10 சதவீத இறக்கத்தில் பின் அச்சு இன்னும் கிட்டத்தட்ட 3 பங்கு லேசாகும். கொண்டை ஊசி வளைவுக்குள் நுழையும்போது நடந்தால் எப்படி இருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

வேடிக்கை என்னவென்றால் சேற்றில் 0.3 ஜி-தான் கிடைக்கும். அங்கே தாவுவது 8 சதவீதம், பின்னால் 42 இருக்கிறது. முன் சக்கரம்தான் முதலில் பூட்டும், ஆபத்து குறைவு. அதாவது தோட்டத்தில் சோதித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்பீர்கள். தார் ரோட்டில் காட்டிக்கொடுக்கும்.

உங்கள் முன் காலிபரை அளந்து உண்மையான எண்ணைப் போட்டுக் கணக்கிடுங்கள். எல்எஸ்பிவி டிரம்முக்கு ஏற்றபடி வைத்தது, அதன் இடத்தில் திருகி மாற்றும் வால்வு ஒன்று போடுவது நல்லது. டிரம் வண்டிகள் சிலவற்றில் மாஸ்டரின் பின் வழியில் சுமார் 10 பிஎஸ்ஐ பிடித்து வைக்கும் குட்டி வால்வு இருக்கும், ஷூ வெகுதூரம் விலகாமல் இருக்க. அது இருந்தால் எடுங்கள். இல்லாவிட்டால் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே ஓடும்.

பனிக்காடு | ஜூன் 23, காலை 4:50

மாஸ்டர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். முதலில் இருக்கிறதை வைத்தே பாருங்கள். பெடல் மிகவும் கீழே போனால் மட்டும் பெரிசு. 22.2 மில்லியிலிருந்து 23.8க்குப் போனால் ஓர் அழுத்தலில் 15 வீதம் கூடுதல் ஆயில் தள்ளும், ஆனால் காலாலும் 15 வீதம் கூடுதலாக அழுத்த வேண்டும். நான் அவசரப்பட்டு மாற்றி, மனைவி வண்டியை ஓட்டமாட்டேன் என்று சொல்லி, திரும்பப் பழையதைப் போட்டேன்.

கூடலூர்க்காரன் | ஆகஸ்ட் 11, இரவு 9:40

முடித்துவிட்டேன். அதாவது இரண்டு முறை முடித்தேன்.

பிராக்கெட் அண்ணாவின் பட்டறையில். ஒன்றரை நாள் எடுத்தது. அந்த வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், படி விட்ட இடத்தில் பேரிங் உட்கார்ந்தபோது சத்தமே வரவில்லை. அண்ணா பேரிங், டிஸ்க் எல்லாம் ஏற்றித் தந்தார். காலிபர் கட்டுவதும் குழாயும் நானே வீட்டில் செய்துகொள்கிறேன் என்று வீம்பாக வந்துவிட்டேன். தப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

முதல் தப்பு. உள்ளூர் பையன் ஒருவன் உதவிக்கு வந்தான். காலிபர் பிஸ்டனைச் சி-கிளாம்பு வைத்து அழுத்தினான். போகவில்லை, இன்னும் அழுத்தினான். உள்ளே ஏதோ நெரிந்தது. லீவர் உள்ள காலிபரில் பிஸ்டனைச் சுற்றிக்கொண்டே உள்ளே தள்ள வேண்டும், திருகு மாதிரி. அது பிறகுதான் தெரிந்தது. ஒரு காலிபர் போச்சு.

இரண்டாவது இன்னும் கேவலம். எல்லாம் கட்டி ஏர் எடுத்தோம், அதாவது குழாயில் மாட்டிய காற்றை வெளியேற்றப் பார்த்தோம். எடுத்தோம், எடுத்தோம், அரை லிட்டர் ஆயில் போனது. பெடல் பஞ்சு. மாஸ்டர் போய்விட்டதோ என்று பயந்து லேத் அண்ணாவுக்குப் படம் அனுப்பினேன். ஒரே வரி பதில் வந்தது.

லேத்துப்பட்டறை | ஆகஸ்ட் 11, இரவு 9:48

"நிப்பிள் பூமியைப் பார்க்கிறது" என்று சொன்னேன்.

கூடலூர்க்காரன் | ஆகஸ்ட் 11, இரவு 9:55

ஆமாம். இடது காலிபரை வலதிலும் வலதை இடதிலும் கட்டியிருந்தேன். ஏர் எடுக்கும் நிப்பிள் கீழே இருக்கிறது, காற்று மேலே உட்கார்ந்து சிரிக்கிறது. மாற்றிக் கட்டியதும் பத்து நிமிடத்தில் பெடல் கல் மாதிரி ஆனது.

யாரும் சொல்லாத ஒன்று: டிரம்முக்கு அச்சு மேல் இரும்புக் குழாய் நேராக வீல் சிலிண்டருக்குப் போகும். காலிபர் 'பின்' என்னும் ஊசிக் கம்பி மேல் வழுக்கி நகர்வது, அதனால் கடைசி அரை அடிக்கு ரப்பர் ஹோஸ் வேண்டும். அதற்காக ஒரு நாள் அலைந்தேன். லிஃப்ட் வண்டி என்பதால் சேஸிஸிலிருந்து அச்சுக்கு வரும் நடு ஹோஸும் நீளமாக மாற்றினேன். வண்டியை ஒரு பக்கம் தொங்கவிட்டு இழுபடுகிறதா என்று பார்த்தபிறகுதான் ஓட்டினேன்.

பேடைப் பழக்க 50லிருந்து 10க்கு பத்துப் பன்னிரண்டு முறை அடித்தேன். பிறகு காலி மைதானத்தில், நண்பன் வெளியே நின்று பார்க்க, 40 கிலோமீட்டரில் அழுத்தினேன். கணக்குப்பிள்ளை சார் சொன்னதுதான் நடந்தது. ஈரப் புல்லில் முன் சக்கரம் முதலில். சிமென்ட் தளத்தில் பின் சக்கரம் முதலில் பூட்டி வால் ஆடியது. வால்வைத் திருகித் திருகி, ஏழாவது ஓட்டத்தில்தான் இரண்டு தரையிலும் முன் சக்கரம் முதலில் பூட்டியது. திருகின இடத்தில் பெயின்ட் கோடு போட்டுவிட்டேன், யாரும் தொடாமல் இருக்க.

ஓடை? தாண்டின முதல் அழுத்தலிலேயே பிடிக்கிறது. இதற்குத்தானே இத்தனையும்.

நாலுக்குநாலு | ஆகஸ்ட் 11, இரவு 10:30

ஹேண்ட் பிரேக்?

கூடலூர்க்காரன் | ஆகஸ்ட் 12, காலை 7:05

அதைக் கேட்காமல் விட மாட்டீர்கள் என்று தெரியும். கேபிள் இழுக்கும் தூரம் போதவில்லை. டிரம்முக்குள் இருந்த லீவரும் காலிபர் லீவரும் ஒரே அளவு நகர்வதில்லை. கைப்பிடியில் கேபிள் கட்டும் இடத்தை மாற்றி ஓரளவுக்குச் சரி செய்தேன். சமதளத்தில் நிற்கிறது. எங்கள் வீட்டு ஏற்றத்தில் காலியாக நிற்கிறது. ஆட்களோடு, முகம் மேல்நோக்கி நிறுத்தினால் மெல்ல நகர்கிறது. பழைய டிரம் இதைவிட நன்றாகப் பிடித்தது, மறைக்கவில்லை.

கணக்குப்பிள்ளை | ஆகஸ்ட் 12, காலை 8:00

ஆச்சரியமில்லை. டிரம்மில் ஒரு ஷூ சுழற்சியிலேயே இழுபட்டுத் தன்னைத்தானே இறுக்கிக்கொள்ளும். டிஸ்க்கில் அது கிடையாது, கை கொடுக்கும் விசை மட்டும்தான். டயரும் பெரிது. கைப்பிடியில் நெம்பு விகிதம் கூட்ட இடம் இருக்கிறதா பாருங்கள். அதுவரை கியரில் போட்டு, கட்டை வைத்து நிறுத்துங்கள்.

புதுத்தார் | செப்டம்பர் 3, மாலை 4:10

அருமையான இழை. என்னுடையது 2021 மஹிந்திரா தார், பின்னால் டிரம். இதே மாதிரி செய்யலாமா?

நாலுக்குநாலு | செப்டம்பர் 3, மாலை 4:25

உங்கள் வண்டியில் ஏபிஎஸ், ஈஎஸ்பி எல்லாம் இருக்கும், சக்கரம் பூட்டாமலும் வண்டி சறுக்காமலும் கணினி பார்த்துக்கொள்ளும். அந்தக் கணினி எந்தச் சக்கரத்தில் எவ்வளவு பிரேக் விழும் என்று டிரம்மை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறது. இங்கே திருகு வால்வு வைத்துச் சமாளித்த மாதிரி அங்கே முடியாது. உத்தரவாதமும் போகும். ஓடை தாண்டுகிறீர்களா தினமும்?

புதுத்தார் | செப்டம்பர் 3, மாலை 4:31

இல்லை. பார்க்க நன்றாக இருக்கும் என்று.

நாலுக்குநாலு | செப்டம்பர் 3, மாலை 4:32

டிரம்மில் சிவப்புப் பெயின்ட் அடியுங்கள்.

கூடலூர்க்காரன் | நவம்பர் 15, இரவு 8:50

மழைக்காலம் முடிந்த கணக்கு. டிரம் கழுவும் வேலை ஒரு தடவைகூட இல்லை. ஒரு முறை டிஸ்க்குக்கும் தூசுத் தகட்டுக்கும் நடுவில் கல் மாட்டி, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தியது. வண்டியைப் பின்னோக்கி எடுத்ததும் கல் விழுந்துவிட்டது. தகட்டைப் பாதி வெட்டிவிட்டேன்.

ஆனால் பேட் எதிர்பார்த்ததைவிட வேகமாகத் தேய்கிறது, சேறு உப்புத்தாள் மாதிரி அரைக்கிறது. வலது பக்கம் உள் பேட் கிட்டத்தட்ட தகடு வரை போய்விட்டது, வெளிப் பேட் பாதி இருக்கிறது. அந்தப் பக்கச் சக்கரம் தொட்டால் மற்றதைவிடச் சூடாகவும் இருக்கிறது. லேத் அண்ணா, பிராக்கெட் வளைந்திருக்குமோ?

லேத்துப்பட்டறை | நவம்பர் 15, இரவு 9:20

என் பிராக்கெட் வளையாது. காலிபர் வழுக்குகிற 'பின்' கம்பி இறுகியிருக்கும். ரப்பர் உறை கிழிந்து சேறு போயிருக்கும். பிஸ்டன் உள் பேடைத் தள்ளுகிறது, காலிபர் நகராததால் வெளிப் பேட் வரவில்லை. அந்தக் கம்பியைக் கழற்றி, துடைத்து, பிரேக்குக்கு உள்ள சிலிக்கான் கிரீஸ் வை. வண்டி கிரீஸ் வைத்தால் ரப்பர் ஊதிப் போய் இன்னும் இறுகும். உறை இரண்டு ஜோடி வாங்கி வை, ஒவ்வொரு மழைக்கு முன்னாலும் மாற்று.

ஞாயிற்றுக்கிழமை கூடலூர் பக்கம் வருகிறேன், ஒரு கல்யாணம். டயல் கேஜ் எடுத்து வருகிறேன். சக்கரத்தைக் கழற்றி வை, கட்டை வைத்துவிட்டுக் கழற்று.